சுகந்தி வரைந்த நாலு பிள்ளைகள்

குத்துக்கல்வலசையில் கிராமச் செவிலியர் சுகந்தியின் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. சத்து மாத்திரையை வாங்கி அலமாரிக்குள் பதுக்குகிற பெண்களைத் திட்டி, கண்ணெதிரே விழுங்க வைத்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பாள். அவள் சொன்னால் ஊர் நம்பும். அதுதான் வினையாகப் போயிற்று.

தென்காசியில் செவிலியர்களுக்கு மரபணுப் பரிசோதனை பற்றி ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். சோகை பிடித்த பிள்ளைக்கெல்லாம் இரும்புச் சத்துக் குறைவு என்று முடிவு கட்டாதீர்கள், பரம்பரையாக வரும் ரத்த நோயான தலசீமியாவாகவும் இருக்கலாம் என்றார் டாக்டர் ஸ்ரீவித்யா. சிலர் நோயில்லாமல் அதற்கான மரபணுவை மட்டும் உடம்பில் சுமந்திருப்பார்கள். கேரியர் என்று பெயர். கணவன் மனைவி இருவரும் கேரியர் என்றால் நாலில் ஒரு பிள்ளைக்கு நோய் வரலாம். திரையில் நாலு பொம்மைப் பிள்ளைகள் நின்றன. ஒன்றுக்கு மட்டும் சிவப்புச் சட்டை.

"சனங்களுக்குப் படம் போட்டுச் சொல்லுங்க, ஈஸியாப் புரியும்" என்றார் டாக்டர்.

"புரிஞ்சிருக்கான்னு எப்படி மேடம் தெரிஞ்சுக்கிட?" என்று சுகந்தி கேட்டாள். அதற்குள் சாப்பாடு வந்துவிட்டது. சாம்பார் சாதத்தை விடப் பெரிய கேள்வியா அது?

அவள் மனதில் அப்போதே முத்துசெல்வியின் மகள் கோமதி வந்து நின்றாள். எவ்வளவு டானிக் கொடுத்தும் வெளிறியே கிடக்கிற பிள்ளை. முத்துசெல்வி தாய்மாமனைக் கட்டியவள்; கணவன் குற்றாலிங்கம் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் லோடுமேன். பரிசோதித்ததில் சந்தேகப்பட்டபடியே தலசீமியா என்று வந்தது; பெற்றவர்கள் இருவருமே கேரியர். மாதம் தவறாமல் திருநெல்வேலிக்குப் போய்ப் பிள்ளைக்கு ரத்தம் ஏற்ற வேண்டும். சுகந்தி அவர்கள் வீட்டில் உட்கார்ந்து நாலு பிள்ளைகளை வரைந்து, ஒன்றுக்குச் சிவப்பு அடித்துக் காட்டினாள். இருவரும் தலையாட்டினார்கள். எவ்வளவு அழகாகப் புரிந்துகொண்டார்கள் என்று அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

முத்துசெல்வி மறுபடி உண்டானதும் சுகந்தி ஓடினாள். "மதுரைக்குப் போயி வயித்துப் பிள்ளைக்கு டெஸ்ட் எடுத்துருவோம். நாள் தள்ளிட்டா பெறவு ஒண்ணும் செய்ய முடியாது."

"எதுக்கு சிஸ்டர்? கோமதிக்குத்தான் வந்தாச்சுல்லா" என்றான் குற்றாலிங்கம். "மிச்சம் மூணும் நல்ல பிள்ளைன்னு நீங்கதான வரைஞ்சு காட்டுனீங்க."

சுகந்தி அவசரமாகச் சொன்னாள். "அப்படி இல்ல தம்பி. ஒவ்வொரு பிள்ளைக்கும் புதுசா நாலுல ஒண்ணு. முதல் பிள்ளைக்கு வந்தது கணக்குலயே இல்ல."

"இப்ப மாத்திச் சொல்லுதீங்களே சிஸ்டர்."

"அக்காவுக்கு நம்ம மேல பாசம் மாமா, அதான் பயப்படுதாவ" என்று முத்துசெல்வி சிரித்தாள்.

ஒவ்வொரு தடவையும் புதுக் கணக்கு என்று காசைச் சுண்டிப் போட்டுக் காட்டினாள் சுகந்தி. சோழி உருட்டினாள். டாக்டரைப் போனில் பேச வைத்தாள். "சரி மேடம், சரி மேடம்" என்று கேட்டுக்கொண்ட குற்றாலிங்கம், போனை வைத்ததும் லோடு ஏற்றக் கிளம்பிவிட்டான். யாரைக் குறை சொல்ல? அவர்கள் பிடிவாதக்காரர்களும் இல்லை. வலிக்காத கணக்கு ஒன்று கிடைத்தது, பிடித்துக்கொண்டார்கள். குற்றாலத்தில் சாரல் தொடங்கி ஊரே அருவிக்குப் போய்க்கொண்டிருந்தபோது சுகந்தி அந்த வீட்டுக்கு நாயாய் அலைந்தாள். சாரல் முடிவதற்குள் டெஸ்ட் எடுக்கும் காலம் கடந்துவிட்டது.

பையன் கொழுகொழுவென்று பிறந்தான். தெரு முழுக்க லட்டு கொடுத்தார்கள். நாம்தான் வீணாகப் பயந்தோமோ என்று சுகந்தியும் ஆசையோடு நினைத்தாள். தவழ்கிற வயதில் அவன் பால் குடிக்கச் சோம்பினான். தடுப்பூசிக்குத் தூக்கி வந்தபோது சுகந்தி அவன் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். வெளுத்திருந்தது. ரத்தம் எடுத்து அனுப்பினாள். முடிவு வந்த அன்று அவளே வீட்டுக்குப் போய்ச் சொன்னாள்.

முத்துசெல்வி கத்தவில்லை, அவளைக் குறை சொல்லவும் இல்லை. திட்டியிருந்தால்கூடச் சுகந்திக்குத் தேவலையாக இருந்திருக்கும். பிள்ளையை மடியில் போட்டுத் தட்டியபடி கேட்டாள்.

"ஏங்க்கா, ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல ரத்தம் ஏத்துவாங்களா? அவுகளுக்கு ஒரு நாள் கூலியாவது மிஞ்சும்."

"ஏத்துவாங்கட்டி" என்றாள் சுகந்தி.

அவளால் சொல்ல முடிந்த நல்ல சேதி அது ஒன்றுதான்.