பழைய பொட்டியின் சத்தம்

காரமடையில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், நரைத்த மீசைக்காரர், புது டிவியைப் பழைய ஹோம் தியேட்டரோடு இணைத்தபோது நானும் அங்கே இருந்தேன். ஒவ்வொரு ஒயரைச் செருகியதும் டிவிக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி, காது மந்தமான மனைவியிடம், "அம்மணி, இப்பக் கேக்குதா?" என்பார்.

"டிவியிலயே சத்தம் வருமுங்களே, அண்ணா?" என்றேன்.

"வருதுங்க. ஆனா பேசறது அவளுக்கு வெளங்கறதில்லீங்க. இந்தப் பொட்டியிலதான் தெளிவாக் கேக்கும். நா மட்டும் கேட்டு என்னங்க பண்றது?"

கடைசியில் ஆப்டிகல் ஒயரைச் செருகியதும் பெட்டி பேசியது. "கேக்குதுங்க!" என்று அந்த அக்கா சிரித்தார். எனக்கு வயிறு எரிந்தது.

நான் வீட்டுக்குத் திரும்பியபோது என் கணவர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க" என்று பலமுறை கூப்பிட்டும் திரும்பவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனிதர்தான். ஆனாலும் எதிரே வந்தால் அவரைப் பார்த்து முழுமனதாகச் சிரிக்க இன்றுவரை என்னால் முடிவதில்லை.