முகப்பில் நின்ற கொம்பன்

எங்கள் ஏலக்காய்க்கு இணையத்தில் ஒரு கடை திறக்கலாம் என்று முடிவானபோது, கடையின் தோற்றத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை என் தலையில் விழுந்தது. ஏலக்காய் என் கணவரின் அக்காவுடையது. சின்னக்கானலுக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு சிறு தோட்டமும் தகரக் கூரை வீடும் உண்டு. நான் அவரை மதினி என்று கூப்பிடுவேன். கடைக்கும் அவர் பெயரைத்தான் வைத்திருந்தோம்.

மூணாறில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து இணையக் கடைகளுக்கென்று ஆயத்தமாகக் கிடைக்கும் பக்க வடிவங்களை, அதாவது தீம்களைப் புரட்டினேன். ஒன்று நகைக்கடைபோல் மினுங்கியது. இன்னொன்றில் வாங்கும் பொத்தானைத் தேடிக் களைத்துப்போனேன். கடைசியில் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலை செய்யும் ஒரு டிசைனரிடம் ஒப்படைத்தேன்.

அவர் அனுப்பிய மாதிரியில் முகப்பு முழுவதும் பனி. அதற்குள்ளிருந்து ஒரு கொம்பன் யானை தலையைச் சற்றே தாழ்த்தி நம்மை நோக்கி வந்துகொண்டிருந்தது. அதன் காலடியில் மதினியின் பெயர்.

"ஏனுங்க, எப்படிங்க இருக்குது? உங்க ஊருன்னாலே யானைதானுங்களே. பாக்கறவங்க அப்படியே நின்னுருவாங்க" என்றார் போனில்.

படம் எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் சங்கடம். மதினியின் கணவர், விடியற்காலையில் வேலைக்குப் போகும் வழியில் யானை மிதித்து இறந்தவர்.

"படந்தானே, அக்கா ஒண்ணும் சொல்லாது" என்றார் என் கணவர். மதினியிடம் காட்டாமல் திறக்க எனக்கு மனம் வரவில்லை. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு நான் மட்டும் ஜீப் ஏறினேன்.

போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. மதினி பால் சேர்க்காத கட்டன்காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். லேப்டாப்பைத் திறந்து அவர் பக்கம் திருப்பினேன். அவர் படத்தையே பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இது எங்க வச்சு எடுத்தது?" என்றார்.

"தெரியல மதினி. டிசைனர் போட்டது."

அப்போது அவருடைய போன் அடித்தது. சரிவில் கீழே இருக்கும் வீட்டுக்காரர். அவர் கத்தியது எனக்கே கேட்டது. "அக்கா, கொம்பன் ஒங்க பக்கம் ஏறிருக்கு! வெளிய வராதீக, லைட்ட அமத்துங்க!"

மதினி எழுந்து விளக்கை அணைத்தார். மேசைமேல் லேப்டாப் திரை மட்டும் வெளிச்சமாக நின்றது. அந்த வெளிச்சத்தில் யானை.

"ஏ புள்ள, அத மொதல்ல மூடு."

மூடினேன். அவசரத்தில் கை பட்டுக் காப்பி டம்ளர் சாய்ந்தது. அது உருண்டு விழாமல் மதினி பிடித்துக்கொண்டார்.

முதலில் தோட்டத்தில் ஏலச்செடித் தட்டைகள் நொறுங்கும் சத்தம் வந்தது. பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. சுவருக்கு அந்தப்புறம் ஒரு நீண்ட மூச்சு. சமையலறையில் அரிசி மூட்டை இருந்தது; அந்த வாசனைக்கு யானை சுவரையே இடிக்கும். மதினி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, உதட்டுக்குள் "இயேசப்பா, இயேசப்பா" என்றார்.

சமையலறைச் சுவர் ஒருமுறை அதிர்ந்தது. பாத்திரங்கள் சரிந்து விழுந்தன. மறுபடி அதிர்ந்தது. கத்திவிடுவேனோ என்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். அதற்குள் தூரத்தில் யானையை விரட்டும் வெடிச் சத்தம், ஜீப் ஹாரன், வனத்துறை வாட்சர்களின் கூச்சல். வெளியே தண்ணீர்த் தொட்டி உடைந்து தண்ணீர் கொட்டியது. கனத்த காலடிகள் மெல்ல விலகின.

வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். வாட்சர் ஒருவர் வந்து கதவைத் தட்டி, "சேச்சி, போயி. இனி பேடிக்கண்டா" என்று, யானை போய்விட்டது, பயப்பட வேண்டாம் என மலையாளத்தில் சொன்ன பிறகுதான் மதினி என் கையை விட்டார். விளக்கைப் போட்டார். சமையலறைச் சுவரில் கூரைவரை விரிசல்.

சிதறிய பாத்திரங்களை இருவரும் பொறுக்கி அடுக்கினோம். வேலை முடிந்ததும், "அந்தப் படத்த இன்னொருக்கா காட்டு" என்றார்.

"வேண்டாம் மதினி."

"காட்டுளா."

திறந்தேன். இம்முறை கிட்டே குனிந்து பார்த்தார்.

"நல்லாத்தான் எடுத்துருக்கான். அழகாத்தான் இருக்கு." திரையை என் பக்கம் திருப்பினார். "ஆனா எம்பேருக்கு மேல இது நிக்க வேண்டாம். காய்தானே விக்கோம், காய்ப் படத்தப் போடு."

மறுநாள் காலை, மிதிபட்டுக் கிடந்த செடிகளுக்கு நடுவே நின்றுகொண்டு டிசைனரைக் கூப்பிட்டேன்.

"யானைய எடுத்துட்டா அந்த எடம் மொட்டையா இருக்குமுங்க. வேற கடைக்கும் இதுக்கும் வித்தியாசமே தெரியாதுங்க" என்றார்.

"தெரியாட்டிப் போகட்டும்."

நடந்ததைச் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "சாயங்காலத்துக்குள்ள மாத்திக் குடுக்கறனுங்க" என்று வைத்துவிட்டார்.

என் கணவர்தான் சமாதானமாகவில்லை. அந்த யானை இருந்திருந்தால் நாலு பேர் அதிகமாகப் பார்த்திருப்பார்கள் என்று அவ்வப்போது சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னது சரியாகக்கூட இருக்கலாம். ஒரு நாள் அவரை அழைத்துப்போய்ச் சுவர் விரிசலைக் காட்டினேன். அதை விரலால் தடவிப் பார்த்தார். அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வெள்ளைப் பின்னணியில் பச்சைக் காய்களோடு கடை திறந்தது. மதினி தன் போனில் அதை மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தார். என்ன சொல்வாரோ என்று நான் காத்திருந்தேன்.

"எழுத்து கொஞ்சம் பெருசா வைக்கச் சொல்லு. கண்ணாடி போடாம வாசிக்க முடியல" என்றார்.