சூடத்தை அணைக்கச் சொன்னது யார்

இல்லை, அக்கா சொல்லி நான் அதைச் செய்யவில்லை. படத்திறப்பில் என் தோளைத் தொட்டுக் கேட்ட பெரியவருக்கு அங்கேயே இந்தப் பதிலைச் சொல்லியிருக்க வேண்டும். "எல்லாம் சரி தம்பி, நல்ல மனுசிதான். ஆனா ஓட்டுக்காக ஆள விட்டுச் சூடம் அணைக்க வச்சாகல்ல?" என்றார். மேடையில் நாகவள்ளி அக்காவின் படத்துக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து வெளியே வந்தேன். வண்டியை எடுத்தேன். ஓடிவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெரியவரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அதனால் அக்காவைத் தெரிந்த எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

செய்தி வந்தபோது நான் வாலிநோக்கத்தில் உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். பதினோரு மணி வெயில். அக்காவின் வீட்டுக்காரர் நம்பரிலிருந்து போன். ஒன்றரை வருசமாக அந்த நம்பரில் இருந்து எனக்கு அழைப்பு வந்ததில்லை. "அக்கா காலையில தவறிட்டா தம்பி. நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போற வழியிலயே முடிஞ்சிருச்சு. எத்தன மணிக்கு எடுப்போம்னு தெரியல, நீ வந்துரு" என்றார். "வாரேண்ணே" என்றேன். மேஸ்திரி பின்னால் இருந்து, "ஏலே, பாதி லோடோட எங்கலே போற?" என்று கத்தினார். பாதி லோடோடுதான் போனேன். சாவு வீட்டு வாசலில் உப்பு வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினேன்.

நான் பாலிடெக்னிக்கை இரண்டாம் வருசத்தில் விட்டவன். ஓர் இடத்தில் உட்கார முடியாது, அதுதான் காரணம். பின்னால் சோகக்கதை எதுவும் இல்லை. அய்யா ஒரு சின்ன லோடு வண்டி எடுத்துக் கொடுத்தார். அந்த வண்டியைத்தான் அக்கா ஒரு மாதத்துக்கு வாடகை பேசினார். முதல் நாள் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்ததும், "படிப்பத்தான் விட்டுட்ட. ஸ்டியரிங்கயாவது விடாமப் பிடிச்சுக்க" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அவரே சிரித்ததால் நானும் சிரித்துவிட்டேன்.

எங்கள் கட்சி சின்னக் கட்சி. சட்டமன்றத் தேர்தலில் எங்கள் தொகுதியைக் கேட்டு இரண்டு பேர் மனுக் கொடுத்தார்கள். ஒருவர் அக்கா, இன்னொருவர் கதிரேசன் அண்ணன். யாரை நிறுத்தினாலும் மற்றவர் ஆட்கள் வேலை செய்ய மாட்டார்கள் என்று தலைமைக்குப் பயம். அதனால் கிளைச் செயலாளர்கள் நாற்பத்தொரு பேரும் கூடி ரகசியமாகச் சீட்டுப் போடட்டும், அதிகம் வாங்குகிறவர்தான் வேட்பாளர் என்று சொல்லிவிட்டார்கள். ஊரிடம் ஓட்டுக் கேட்கும் முன் இந்த நாற்பத்தொரு பேரிடம் ஓட்டுக் கேட்க வேண்டும். அதற்குத்தான் வண்டி.

எங்கள் பக்கத்தில் எந்தச் சண்டையைத் தோண்டினாலும் அடியில் கண்மாய்த் தண்ணீர் இருக்கும். மடைக்குப் பக்கத்து ஊர்களுக்கு முதலில் பாயும். கடைமடை ஊர்களுக்கு மிஞ்சினால்தான் பாயும். நான் மேல்மடை ஊர்க்காரன், கதிரேசன் அண்ணன் கடைமடை. அவர் மைக்கைப் பிடித்தால் மடையை உடைப்பதைத் தவிர வேறு பேச்சு இருக்காது, விசில் பறக்கும். அக்கா பேச்சில் விசிலடிக்க இடமே கிடைக்காது. "நாலு நாள் மேல, மூணு நாள் கீழ. முறை வச்சுப் பாய்ச்சுவோம். பக்கத்துக்கு ஒருத்தர் மடையில நின்னு பாத்துக்கிருவோம்." இவ்வளவுதான் பேச்சு. மேல்மடையில் "எங்க தண்ணியத் தூக்கி அவனுகளுக்குக் குடுக்குறீக" என்பார்கள். கடைமடையில் "அவுகளுக்கு மட்டும் எதுக்கு ஒரு நாள் கூட?" என்பார்கள். இரண்டு பக்கமும் திட்டு வாங்கிக்கொண்டு, இரண்டு பக்கமும் காப்பி குடித்துவிட்டு வண்டியில் ஏறுவார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏக்கா, மேல்மடையில மூணச் சொல்லாதீக, கடைமடையில நாலச் சொல்லாதீக. அந்தந்த ஊருக்கு ஏத்த மாதிரிப் பேசினா என்ன?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேச்சுப் பேசினா எத எங்க பேசினோம்னு ஞாபகம் வச்சுக்கணும்ல தம்பி. எனக்குக் கடுகு டப்பாவ எங்க வச்சேன்னே ஞாபகம் இருக்கிறதில்ல."

அதோடு அவருக்கு அவசரமே கிடையாது. ஒரு செயலாளர் வீட்டில் ரெண்டு மணி நேரம். மாட்டுக்கு என்ன நோவு என்பதிலிருந்து ஆரம்பிப்பார். நான் வெளியே வண்டியைச் சுற்றிச் சுற்றி நடப்பேன். அந்தப் பக்கம் கதிரேசன் அண்ணன் ஆட்கள் இரண்டு பைக்கில் பறந்துகொண்டிருந்தார்கள். நாம் தோற்கப் போகிறோம் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. இவருக்கு அது தெரியவில்லை என்பதுதான் என்னைக் குடைந்தது.

இனி அந்த விசயம். எங்கள் பக்கத்தில் சாமி முன்னால் சூடத்தைக் கொளுத்தி, எரிகிறதை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தால் அதை மீற மாட்டார்கள். கடைமடையில் ஒரு பெரிய ஊர், பெயர் வேண்டாம். போன உள்ளாட்சித் தேர்தலில் இரண்டு வேட்பாளர்களும் அங்கே போட்டி போட்டுக்கொண்டு ஆட்களைச் சூடம் அணைக்க வைத்தார்கள். அண்ணன் ஒருவருக்கு, தம்பி இன்னொருவருக்கு. தேர்தல் முடிந்தும் பகை முடியவில்லை. ஒரே வீட்டு ஆட்கள் நல்லது கெட்டதுக்குக்கூடப் போய்வராமல் ஆனார்கள். அப்போது ஒன்றியக் கவுன்சிலராக இருந்த அக்கா போய் மூன்று நாள் உட்கார்ந்து பேசினார். இனி இந்த ஊரில் ஓட்டுக்காக யாரும் சூடம் அணைக்கக் கூடாது என்று ஊரே கட்டுப்பாடு வைத்தது.

இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

அந்த ஊரில் மூன்று கிளை, மூன்று செயலாளர்கள். மூன்று பேரும் அக்காவிடம் "ஒங்களுக்குத்தான்" என்று சொல்லியிருந்தார்கள். அக்கா அதை நம்பினார், நான் நம்பவில்லை. சீட்டுப் போட நான்கு நாள் இருக்கும்போது ஒரு மத்தியானம் மூன்று பேரையும் வண்டியில் ஏற்றிக் கண்மாய்க் கரையில் இருக்கும் கருப்பன் கோயிலுக்குக் கொண்டுபோனேன். சூடத்தை நான்தான் வாங்கி வைத்திருந்தேன். அவர்களில் மூத்தவர் தர்மராசு அண்ணன். "ஊர்க் கட்டுப்பாடு இருக்குல்லப்பா. அக்காவுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாமலா வந்திருக்கேன்?" என்றேன்.

மூன்று பேரும் அணைத்தார்கள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை ஊரில் இருந்து அக்காவைக் கூப்பிட்டார்கள். எதற்கென்று அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். வழியெல்லாம் நான் வாயைத் திறக்கவில்லை. நாடக மேடைக்கு முன்னால் நூறு பேர் இருப்பார்கள். விசயத்தைச் சொன்னதும் அக்கா என்னை ஒரு தடவை பார்த்தார். கூட்டத்தில் ஒருத்தன், "மேல்மடைப் பய எங்க கருப்பன்கிட்ட வந்து எங்க ஆளுகளச் சத்தியம் பண்ண வைக்கிறானா? பிடிச்சுக் கட்டுங்கடா அவன" என்றான். நாலைந்து பேர் எழுந்தார்கள். ஊர்த்தலைவர் கையைக் காட்டி உட்கார வைத்துவிட்டு அக்காவிடம் திரும்பினார்.

"ஏத்தா, இந்தப் பய நீங்க சொல்லித்தான் வந்தானா?"

"வண்டி எனக்கு ஓடுற வண்டி. பையன் நம்ம பையன். அப்ப நான் சொன்ன மாதிரித்தான்."

"நீங்க வைக்கச் சொன்ன கட்டுப்பாட்ட நீங்களே மீறுனா என்னத்தா அர்த்தம்?"

"தப்புத்தான். மீறி வாங்குன சத்தியம் எனக்கு ஓட்டா வரக் கூடாது. இவுக மூணு பேரும் சீட்டுப் போட வர வேண்டாம்."

"அப்ப நட்டம் ஒங்களுக்குல்ல?"

"எனக்குத்தான வரணும்."

தர்மராசு அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும்தான்.

திரும்பும்போது கத்தினேன். "நான் செஞ்சேன்னு உள்ளதச் சொல்ல வேண்டியதுதானக்கா. ரெண்டு அறை விழுந்திருக்கும், முடிஞ்சிருக்கும்."

"ஒனக்கு ரெண்டு அறையோட முடிஞ்சிருக்கும். மேல்மடைப் பையனக் கடைமடையில கட்டி வச்சு அடிச்சாகன்னு சாயங்காலமே ஒங்க ஊர்ல கம்பெடுத்திருப்பாக. அப்புறம் எந்த மடையில யாரு போயி நிக்கிறது?" கொஞ்ச தூரம் போனதும், "ரோட்டப் பாத்து ஓட்டு" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சீட்டுப் போட முப்பத்தெட்டுப் பேர் வந்தார்கள். கதிரேசன் அண்ணனுக்கு இருபது, அக்காவுக்குப் பதினெட்டு. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஜெயித்தவருக்கு முதல் துண்டைப் போட்டவர் அக்கா. நான்கு நாள் கழித்து எனக்குப் போன் செய்து, "கதிரேசனுக்கு ஓட்டுக் கேக்கப் போகணும், வண்டிய எடுத்துட்டு வா" என்றார்.

"ஒங்களுக்கு மானம் ரோசமே கெடையாதாக்கா?" என்றேன்.

"சரி தம்பி, நான் பஸ்ல போயிக்கிறேன்" என்றார். அப்படியே போனார். ஆர்.எஸ்.மங்கலம் பஸ் ஸ்டாண்டில் நோட்டீஸ் பையோடு அவர் நிற்பதை ஒரு நாள் பார்த்தேன். வண்டி காலி. நிறுத்தாமல் போனேன். அவரும் பார்த்தார், கையைத் தூக்கினார். நிறுத்தச் சொல்லித் தூக்கியது போல் இல்லை, சும்மா, தெரிந்த ஆளைப் பார்த்தால் தூக்குவோமே அப்படி. கதிரேசன் அண்ணன் ஜெயித்தாரா தோற்றாரா என்பது இங்கே வேண்டாம். எனக்கு அக்கா மேல்தான் கோபம் என்று ஒன்றரை வருசம் நம்பிக்கொண்டிருந்தேன். அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு அவர் வீட்டுத் தெருப் பக்கமே போகாமல் வண்டி ஓட்டினேன். அவர் இறந்த பிறகு அந்தக் கோபத்தைத் தேடிப் பார்த்தேன். அது அவர் மேல் இல்லை.

நேற்று தர்மராசு அண்ணன் வீட்டுக்குப் போனேன். நாற்று பறித்த சேற்றுக் கையோடு வந்தார். "அன்னைக்கு ஒங்ககிட்டப் பொய் சொன்னேண்ணே. அக்காவுக்கு ஒண்ணுமே தெரியாது" என்றேன்.

"எனக்குக் கூட்டத்துலயே தெரிஞ்சு போச்சுலே. அந்தம்மா மொகத்தப் பாத்தாத் தெரியாதா?"

"அப்ப ஏண்ணே நீங்க ஊர்ல சொல்லல?"

"சொன்னா ஒன்னயக் கட்டிருப்பானுக. அதத் தடுக்கத்தான அந்தம்மா அப்படிச் சொல்லுச்சு. நான் குறுக்க எப்படிப் பேசுறது?"

"இப்ப நான் சொல்றேன். ஊரக் கூட்டச் சொல்லுங்க."

"இப்பவும் அடி விழும்லே."

"விழட்டும். விழுந்தத எங்க ஊர்ல யாருகிட்டயும் நான் சொல்ல மாட்டேன்."

கையைக் கழுவிக்கொண்டே யோசித்தார். பிறகு ஊர்த்தலைவருக்குப் போன் போட்டார். இன்றைக்கு நாலு மணிக்கு, அதே நாடக மேடை.

அக்காவிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியது என்று சொல்லிவிடுகிறேன். புத்திமதி எதுவும் இல்லை. அவர் சொன்னதும் இல்லை, சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். நூறு பேர் அடிக்க நிற்கும்போது, நான் கெடுத்த காரியம் கண் முன்னால் கிடக்கும்போது, என்னை "நம்ம பையன்" என்று சொன்ன அந்தக் குரல்தான் மிஞ்சியிருக்கிறது. ஆனால் அது நான் சொன்ன பொய்யோடு ஒட்டிக் கிடக்கிறது. பொய்யைப் பிய்த்து எடுத்தால்தான் அது என்னிடம் இருக்கும்.

தர்மராசு அண்ணன் விலக்கு ரோட்டில் நிற்கிறாராம், இரண்டு தடவை போன் வந்துவிட்டது. நான் போக வேண்டும்.