பெயர்தான் பிராங்க்பர்ட்

மலேசியாவின் ஜொகூரிலுள்ள ஸ்கூடாயிலிருந்து சிங்கப்பூர் போகும் பேருந்தில் எனக்குப் பக்கத்து இருக்கையில் கணினி நெட்வொர்க் பார்க்கும் ஒருவர். தொப்பைமேல் மடிக்கணினி, ஓயாமல் கொறிக்கக் கச்சாங் கடலைப் பொட்டலம். எல்லைப் பாலத்துக்கு முன்பே ஜாம்.

அவருடைய சிங்கப்பூர் முதலாளி பதறிப்போய்ப் போனில் அழைத்தார். ஜொகூர் தொழிற்சாலைக்கு அனுப்பும் தகவல் பிராங்க்பர்ட் வழியாகப் போவதாகக் கணினி காட்டுகிறதாம்.

அவர் சிரித்தார். “பேருதான் பாஸ் பிராங்க்பர்ட். நாலே மில்லி செகண்டுல போயிட்டு வந்துருது. ஜெர்மனிக்கு அவ்ளோ சீக்கிரம் முடியுமா? தகவல கடத்துற ரௌட்டர் சிங்கப்பூர்லதான் இருக்கு, அதுக்கு வெச்ச பழைய பேர மாத்தல லா.”

முதலாளி வேறேதோ கேட்டார்.

“நானா? ஆபீஸ் வாசல்ல நிக்கிறேன் பாஸ்.”

பேருந்து ஜொகூரிலேயே நின்றிருந்தது. நான் திரும்பிப் பார்த்தேன்.

“பேருதான் ஆபீஸ் வாசல்,” என்று கச்சாங்கை நீட்டினார்.

இறங்கிய பிறகுதான் அவர் பெயரைக் கேட்காதது உறைத்தது. கேட்டிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.