தங்கூசி கட்டிய பேஸ் கிடார்

என் பேஸ் கிடாரில் கை வைக்காதீர்கள் என்று மாமாவிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். பத்துத் தடவையும் தலையை ஆட்டிச் சிரித்துவிட்டு ஸ்குரூ டிரைவரைத் தேடப் போனார். இத்தனை வருடம் கழித்து எழுத உட்கார்ந்தாலும் எனக்கு முதலில் வருவது கோபம்தான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

அப்போது நாங்கள் போர்ட் பிளேருக்கு வடக்கே லாங் ஐலண்ட் என்ற சின்னத் தீவில் இருந்தோம். அப்பாவுக்கு அங்கே அரசாங்க ஸ்டோரில் வேலை. மாமா அம்மாவின் தம்பி. ராமநாதபுரத்திலிருந்து அக்காவைப் பார்த்துவிட்டுப் போக வந்தவர், போகவே இல்லை. ஒரு முதலாளியின் படகில் இன்ஜின் பார்க்கும் வேலையில் சேர்ந்து எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார்.

நான் எட்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் ஒரு பெங்காலி மியூசிக் ஸார் இருந்தார். பாட்டுக் குழு ஒன்று ஆரம்பித்து, என்னை பேஸ் கிடார் வாசிக்கச் சொன்னார். என் கை சின்னது என்பதால் கழுத்து நீளம் குறைந்த குட்டை கிடாராகப் பார்த்து வாங்கச் சொன்னார். மெயின்லேண்டுக்கு லீவில் போன ஒருவரிடம் அப்பா சொல்லிவிட, கடையில் இருந்ததிலேயே விலை குறைந்த ஒன்று பெட்ஷீட்டில் சுற்றிக் கப்பலில் வந்து சேர்ந்தது.

விலைக்கு ஏற்ற சாமான்தான். ஒரு பாட்டு முடிவதற்குள் கம்பியை முறுக்கும் சாவிகள் தளர்ந்து சுருதி இறங்கிவிடும். வால்யூமைத் திருகினால் அப்பளம் பொரிக்கிற சத்தம். ஸ்பீக்கரில் சொருகினால் ஓயாத இரைச்சல். போதாததற்கு எங்கள் தீவின் உப்புக்காற்று. மூன்றே மாதத்தில் ஸ்குரூவெல்லாம் சிவந்து, கம்பியைத் தொட்டால் விரலில் துரு ஒட்டியது.

துருவைப் பார்த்தால் மாமாவுக்குக் கை சும்மா இருக்காது. படகில் போடுகிற ஸ்டீல் ஸ்குரூவாகப் பொறுக்கிக்கொண்டு வந்து பழையதையெல்லாம் மாற்றினார். சாவிகளுக்கு வாஷர் வெட்டிப் போட்டார். வால்யூம் திருகியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். பால்பவுடர் பாக்கெட்டின் வெள்ளித்தாளைப் பிரித்து, கிடாரின் வயிற்றுக்குள் ஒயர்களைச் சுற்றி ஒட்டினார். ஒவ்வொரு தடவையும் நான் கத்தினேன். ஒவ்வொரு தடவையும் பள்ளிக்கூடத்து ஸ்பீக்கரில் சொருகிப் பார்த்தால் முன்னைவிட நன்றாக இருந்தது. அந்த இரைச்சல் அடியோடு நின்றுபோனது. அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

எனக்குப் பொறுக்கவே முடியாத ஒரு பழக்கம் அவருக்கு இருந்தது. வேலை முடிந்ததும் என்னை வாசிக்கச் சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, கிடாரின் மரத்தில் தாடையை வைத்து அழுத்திக்கொள்வார். சில நேரம் ஓரத்தைப் பல்லால் கடித்துக்கொள்வார். கறுப்பு பாலிஷில் இரண்டு பல்தடம் விழுந்திருந்தது.

"அம்மா, மாமா என் கிடாரைக் கடிக்கிறாரும்மா!"

"கடிச்சா என்னடி? அவன்தான ரிப்பேர் பண்ணிக் குடுத்தான்" என்றாள் அம்மா.

பக்கத்துத் தீவில் இருக்கும் ரங்கத்தில் பள்ளிகளுக்கான போட்டி அறிவித்தார்கள். முதலில் வரும் குழு போர்ட் பிளேருக்குப் போகும். நான் அதற்காக நான்கு மாதம் விரல் தேய வாசித்தேன். அங்கே ஷாதிபூரில் பெரியம்மா வீட்டில் தங்குவது, மேடைக்கு எந்தச் சுடிதார் போடுவது என்பதுவரை முடிவு செய்துவிட்டேன். அதுவரை நான் எதற்கும் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

போட்டிக்கு மூன்று நாள் இருக்கும்போது ஒரு கம்பி அறுந்தது. புதுக்கம்பி மெயின்லேண்டிலிருந்து வரவேண்டும். கடல் சரியில்லாமல் கப்பல் தாமதம். ஸார் பதறவில்லை. "தீன் தார் ஸே சல் ஜாயேகா, பேட்டி" என்று சொல்லி, மூன்று கம்பியிலேயே வாசிக்கும்படி மாற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து மாமாவிடம் தெளிவாகச் சொன்னேன், மூன்று கம்பி போதும், தயவுசெய்து தொடாதீர்கள் என்று. அவர் சிரித்தார்.

போட்டிக்கு முந்தின நாள் மத்தியானப் படகில் ஸார் ஸ்பீக்கரையும் டிரம்ஸையும் ஏற்றிக்கொண்டு ரங்கத்துக்குப் போய்விட்டார். சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது மாமாவின் மடியில் கிடார் இருந்தது. தரையில் என் மூன்று கம்பிகளும் துண்டு துண்டாக வெட்டிக் கிடந்தன. கிடாரில் கண்ணாடி மாதிரி நான்கு தங்கூசி நரம்புகள் ஏறியிருந்தன. பெரிய மீனுக்குத் தூண்டில் போடுகிற நைலான் நரம்பு. கனத்தில் தொடங்கி மெலிசுவரை நான்கையும் வரிசையாகக் கட்டியிருந்தார்.

"என்ன மாமா பண்ணி வெச்சிருக்கீங்க?"

"இனிமே துருவே புடிக்காது பாப்பா. சூரை மீனே இழுத்தாலும் அறாது. வாசி, வாசிச்சுப் பாரு."

அழுதேன். வெட்டிக் கிடந்த கம்பிகளை அவர் மேலேயே வீசினேன். சாப்பிட மாட்டேன் என்றேன். பிறகு, வேறு வழியில்லாமல் எடுத்து வாசித்தேன். வீட்டில் ஸ்பீக்கர் இல்லை. மரத்தில் காதை வைத்துக் கேட்டேன். கனமாக, உருண்டையாக ஒரு சத்தம். விரலும் வலிக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பிடித்துவிட்டது. இதை நான் அன்றும் சொல்லவில்லை, பிறகு எத்தனையோ தடவை இந்தக் கதையைச் சொன்னபோதும் சொல்லவில்லை. மாமா வழக்கம்போல மரத்தில் தாடையை வைத்தார். "ஏக்தம் டீக் ஹை" என்றார், எல்லாம் ரொம்பச் சரியாக இருக்கிறதாம்.

பேஸ் கிடாரில் கம்பிகளுக்குக் கீழே காந்தம் இருக்கிறது. இரும்புக் கம்பி அதிர்ந்தால்தான் அந்தக் காந்தம் சத்தத்தை ஸ்பீக்கருக்கு அனுப்பும். நைலான் எவ்வளவு அதிர்ந்தாலும் அதற்குத் தெரியாது. இது எனக்கும் தெரியாது, மாமாவுக்கும் தெரியாது.

மறுநாள் முதலாளியின் படகிலேயே எங்கள் குழு போனது. இன்ஜினில் மாமா. முதலாளியும் கூட வந்து, இரண்டாவது வரிசையில் மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மேடையில் ஏறினேன். ஸார் கையைக் காட்டினார். வாசித்தேன். ஒன்றுமே வரவில்லை. ஸ்பீக்கரில் ஒரு சின்ன இரைச்சல்கூட இல்லை. அதைத்தான் மாமா வெள்ளித்தாள் ஒட்டி நிறுத்தியிருந்தாரே. வால்யூமை முழுக்கத் திருகினேன். ஸார் ஓடிவந்து ஒயரை மாற்றினார். பிறகு குனிந்து நரம்பைத் தொட்டுப் பார்த்தார்.

"யே க்யா லகாயா ஹை?" என்றார், என்னத்தைக் கட்டி வைத்திருக்கிறாய் என்று. மைக் பக்கத்திலேயே இருந்தது. அரங்கம் முழுக்கச் சிரித்தது.

பாட்டு நடந்தது. நானும் கடைசிவரை நின்று வெறும் நைலானை மீட்டிக்கொண்டிருந்தேன். அந்த நான்கு நிமிடத்தை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது. முதல் மூன்று இடங்களில் எங்கள் பள்ளி இல்லை.

மேடைக்குப் பின்னால் மாமா முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். கூடவே முதலாளி.

"சூப்பரா வாசிச்ச பாப்பா! தொம் தொம்னு கேட்டுச்சு!"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. பிறந்ததிலிருந்து மாமாவை 'நீங்க' என்று சொல்லித்தான் பழக்கம்.

"ஒண்ணுமே கேக்கல! ஒரு சத்தமும் வரல! எல்லாரும் சிரிச்சாங்க! ஒனக்குக் காது செவிடா?"

மாமா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக அவரை அடித்திருப்பேன். முதலாளி சிரிக்கவில்லை.

வருடக்கணக்காக இன்ஜினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததில் மாமாவின் காது போய்விட்டிருந்தது. அடுத்த மாதம் முதலாளி அவரை வேலையிலிருந்து நிறுத்திய பிறகுதான் எங்கள் வீட்டுக்கே அது தெரிந்தது. இன்ஜின் சத்தம் மாறுவதைக் காதால் கண்டுபிடிக்க முடியாதவனை நம்பி எப்படிக் கடலுக்குப் போவது என்று முதலாளி கேட்டாராம். இன்ஜின் மூடி மேல் கையை வைத்தே மாமா அதைச் சமாளித்து வந்திருக்கிறார். எங்களிடமாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். அக்காவிடம் சொல்ல என்ன வெட்கம்? அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. மாமா ஊருக்குக் கப்பல் ஏறிய அன்று நான் டியூஷனுக்குப் போய்விட்டேன்.

ஆனால் போட்டி நடந்த அன்று சாயங்காலம் எனக்கு எதுவும் தெரியாது. ரங்கத்திலிருந்து நானும் மாமாவும் முதலாளியும் முதல் பஸ்ஸில், படகு கட்டியிருந்த ஏரட்டா ஜெட்டிக்கு வந்து படகில் ஏறினோம். மற்றவர்கள் இன்னும் வந்து சேரவில்லை. இன்ஜின் ஓடவில்லை, தண்ணீரும் அசையவில்லை. மாமா எங்களுக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் கிடாரை பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டுத் தூரமாக உட்கார்ந்தேன். முதலாளி மாமாவுக்குப் பின்னால் போய் நின்றார்.

"தம்பி, டீசல் எவ்ளோ இருக்கு?"

மாமா திரும்பவில்லை. முதலாளி கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டார். மூன்றாவது தடவை இன்னும் பக்கத்தில் போய், உரக்கவே கேட்டார். மாமா கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி திரும்பி என்னைப் பார்த்தார்.

என் ஏச்சு மாமாவுக்கு நன்றாக உறைத்துவிட்டது, ரோஷத்தில் யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று நான் நினைத்தேன். நாள் முழுக்க இல்லாத சந்தோஷம் அப்போதுதான் வந்தது.

"எத்தன வாட்டி கூப்பிட்டாலும் அவரு திரும்ப மாட்டாரு அங்கிள்" என்று முதலாளியிடம் சொன்னேன். "வீட்லயும் இப்பிடித்தான்."