கடலுக்குச் சொன்ன வாய்ப்பாடு

அன்று கடல் சாம்பல் நிறம். மழை வரும் என்று சொல்லவும் முடியாது, வராது என்று நம்பவும் முடியாது. சிங்கப்பூர் வானம் பாதி நாள் அப்படித்தான், முகம் கழுவாமல் உட்கார்ந்திருக்கும். ஆனாலும் எனக்கு அது பண்டிகை. பள்ளிக்கூடமே படகேறிப் போகிறது என்றால் வேறென்ன?

பள்ளிக்கூடம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். சிராங்கூன் சாலையில் ஒரு அரிசிக் கடையின் மாடி. கீழே மூட்டைகளும் மாட்டு வண்டிகளும், மேலே நாங்கள். எங்கள் வாத்தியாருக்குத் தலை வழுக்கை, குரல் மட்டும் செழிப்பு. அவர் வாய்ப்பாடு சொல்லத் தொடங்கினால் தெருவில் போகிற மாடுகூட நின்று கேட்கும் என்பார் கடைக்கார மரைக்காயர்.

தீவுக்குப் போகிற யோசனை வாத்தியாருடையது. ஊரிலிருந்து அவர் மனைவி கைக்குழந்தையோடு கப்பலேறி வந்திருந்தாள். அவர் இங்கே வந்த பிறகு பிறந்த குழந்தை. அவர் இன்னும் முகம் பார்க்கவில்லை. வந்த கப்பலில் அம்மை கண்டுவிட்டது. அம்மை கண்ட கப்பலின் ஆட்களை நேரே ஊருக்குள் விடமாட்டார்கள். தெற்கே ஒரு தீவில் இறக்கி, துணிமணியெல்லாம் ஆவியில் அவித்து, காவலில் வைத்துத்தான் அனுப்புவார்கள். அங்கே வெளியாள் யாரும் கால் வைக்கக் கூடாது. ஆனால் அதற்கு எதிரே, நடுவில் ஒரு துண்டுக் கடல் மட்டும் கிடக்க, கூசுத் தீவு இருந்தது. குன்றின் மேல் ஒரு மலாய்ப் பெரியவரின் அடக்கத்தலம், கீழே ஒரு சீனக் கோயில். அங்கே போவதை யாரும் தடுக்கவில்லை.

தனியாகப் போக வாத்தியாருக்குக் கூச்சம். பெண்டாட்டி முகம் பார்க்கக் கடல் தாண்டிப் போனான் என்று நாலு பேர் சிரிப்பார்களே! அதனால் பிள்ளைகளின் உல்லாசப் பயணம் என்று பெயர் வைத்து எங்கள் குடும்பங்களையும் கூட்டிக்கொண்டார். விஷயம் எல்லாருக்கும் தெரியும். எனக்கே தெரியும். தெரியாதது போல எல்லாரும் புளிச்சோறு கட்டிக்கொண்டோம்.

அப்பா துறைமுகத்தில் கிராணியாக எழுத்து வேலை பார்த்தார். காவல் தீவுக்கு அரிசி கொண்டுபோகிற படகுக்காரன் அவருக்குப் பழக்கம். அவன் மூலமாகச் சொல்லி அனுப்பியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை உச்சிப்பொழுதில் வாத்தியார் மனைவி கூசுவைப் பார்த்த கரைக்கு வந்து, குழந்தையைத் தூக்கிக் காட்ட வேண்டும். அவ்வளவுதான் வாத்தியார் கேட்டது.

புறப்படும் காலையில் அடுப்படியில் அம்மாவும் அப்பாவும் தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது.

"போற வழியிலேயே சொல்லிடுங்க."

"சொன்னா அப்புறம் எங்கேர்ந்து பார்ப்பாரு? ஒரு தரம் பார்த்துட்டு வரட்டும். கரைக்கு வந்ததும் நானே சொல்றேன்."

"பாவம்ங்க."

"அதுக்குத்தானே சொல்றேன்."

வாத்தியாருக்கு ஏதோ நல்ல சேதி ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பெரியவர்கள் ஒளித்து வைப்பது அநேகமாகத் தின்பண்டமாகத்தான் இருக்கும் என்பது என் அன்றைய அனுபவம்.

படகு மரைக்காயருடையது. வாத்தியார் சலவைச் சட்டையோடு முன்னால் உட்கார்ந்திருந்தார். உட்காருவார், எழுவார், மறுபடி உட்காருவார்.

"வாத்தியாரே, படகு உங்க தாளத்துக்கு ஆடுது, கொஞ்சம் அடங்குங்க. தலையிலே என்ன, இத்தனை எண்ணெய்?"

"அக்கரைக்கு அடையாளம் தெரிய வேணாமா மரைக்காயரே? மூஞ்சி தெரியாட்டியும் வழுக்கை பளபளக்கும்ல!"

எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. அப்பா எப்போதுமே கொஞ்சம் தாமதமாகச் சிரிப்பவர். அதனால் காத்துப் பார்த்தேன். அன்று அவருக்குச் சிரிப்பு வரவேயில்லை.

தீவில் இறங்கியதும் அப்பா மரைக்காயரைத் தனியே கூட்டிப்போய் என்னவோ சொன்னார். மரைக்காயர் தோள் துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். பிறகு படியேறிக் குன்றின் மேல் அடக்கத்தலத்துக்குப் போனார். வெகுநேரம் கழித்து இறங்கி வந்தவர் முன்னைவிட உரக்கப் பேசினார், முன்னைவிட அதிகமாக எங்களைக் கேலி செய்தார். அவர் பிள்ளைகள்கூட அவரை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

உச்சிப்பொழுது. வெயில் இல்லை, ஒரு வெளிறிய வெளிச்சம், பழைய பாத்திரத்தின் அடி போல. எதிர்க்கரையில் ஆட்கள் வந்தார்கள். தலை ஒரு புள்ளி, உடல் ஒரு கீற்று. அவித்துத் துவைத்த துணிகளெல்லாம் ஒரே சாயமாகப் போயிருந்தன. எந்தச் சேலை என்ன நிறத்தில் ஊரைவிட்டுப் புறப்பட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தக் கீற்றுகளில் ஒன்று முன்னால் வந்தது. முழங்கால் தண்ணீரில் நின்றது. இரண்டு கையாலும் எதையோ தலைக்கு மேல் தூக்கியது.

"குழந்தை!" என்று கத்தினேன் நான்.

வாத்தியார் கையை உயர்த்தினார். வாய் திறந்தது, சொல் வரவில்லை. பத்துப் பேர் நடுவில் மனைவியைப் பேர் சொல்லி அழைக்கிற வழக்கம் அவருக்கில்லை. யாருக்குமே இல்லை. குழந்தையை அழைக்கலாம் என்றால் அதற்கு என்ன பேர் வைத்தார்கள் என்று அவருக்கு இன்னும் தெரியாது. திடீரென்று எங்கள் பக்கம் திரும்பினார்.

"எல்லாரும் வரிசையா நில்லுங்க. பதினாறாம் வாய்ப்பாடு! சத்தமா! அக்கரைக்குக் கேட்கணும்!"

நாங்கள் வரிசையாக நின்று கடலுக்கு வாய்ப்பாடு ஒப்பித்தோம். ஈர்பதினாறு முப்பத்திரண்டு. முப்பதினாறு நாற்பத்தெட்டு. காற்று எங்கள் குரலை வாங்கி எங்கேயோ வீசியது. வாத்தியார் எங்களோடு சேர்ந்து முழங்கினார். வேறெதையும் சத்தம் போட்டுச் சொல்ல முடியாதவர், அதை மட்டும் சொன்னார்.

அக்கரைப் பெண் குழந்தையை இறக்கவில்லை. கை கடுத்திருக்கும். இறக்காமலே நின்றாள். கடைசியில் குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டு, முந்தானையை முகத்துக்கு இழுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

"வெட்கப்படுறா," என்றார் வாத்தியார் எங்களைப் பார்த்து. முகமெல்லாம் பல். "ஆளுங்க முன்னாடி நிக்கமாட்டா. ஊர்லயும் இப்படித்தான்."

அது அவர் மனைவி இல்லை. அவர் மனைவி அந்தத் தீவிலேயே, அம்மை கண்டு, இரண்டு நாளைக்கு முன் போய்விட்டாள். முந்தின மாலை படகுக்காரன் வந்து சொன்ன சேதி அது. குழந்தைக்கு ஒன்றுமில்லை, கூட வந்த யாரோ ஒருத்தி பார்த்துக்கொள்கிறாள் என்றும் சொன்னான். அவளையே குழந்தையோடு கரைக்கு வரச்சொல்லி மறுபடி ஆளனுப்பியவர் அப்பா. இதெல்லாம் எனக்கு வெகுகாலம் கழித்துத் தெரிந்தது. அன்று நான் கண்டது, அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாத்தியார் பக்கத்தில் போய் நின்றதுதான். அந்நிய ஆண் பக்கத்தில் அம்மா அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

"வாத்தியாரையா, பிள்ளையப் பாருங்க. பிள்ளைய மட்டும் பாருங்க."

"பார்த்துட்டேன் தங்கச்சி. ரெண்டு பேரையும் பார்த்துட்டேன்."

அம்மா மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பும் வழியில் வாத்தியார் வாய் ஓயவில்லை. குழந்தைக்குத் தன் மூக்கு என்றார்.

"இத்தனை தூரத்துலேர்ந்து மூக்கா தெரிஞ்சுது?" என்று கேட்டார் மரைக்காயர். கேலியாகத்தான் தொடங்கினார், முடிக்கும்போது குரல் வேறாகிவிட்டது.

"தெரிஞ்சுது மரைக்காயரே. தகப்பன் கண்ணுக்குத் தெரியாதா?"

மழை தூறத் தொடங்கியது. ஒருவரும் குடை விரிக்கவில்லை.

படித்துறையில் இறங்கியதும் அப்பா எங்களை ரிக்‌ஷாவில் ஏற்றினார். "நீங்க போங்க. நானும் வாத்தியாரும் கொஞ்சம் நடந்து வர்றோம்." சொல்லிவிட்டு வாத்தியாரின் தோளில் கை போட்டார். அப்பா யார் தோளிலும் கை போடுகிறவர் இல்லை. ஓ, கடைக்குப் போகிறார்கள், அந்த ஒளித்து வைத்த நல்ல சேதியைச் சொல்லி இனிப்பு வாங்கித் தரப்போகிறார் என்று தோன்றிவிட்டது எனக்கு.

"எனக்கும் வாங்கிட்டு வாங்க!" என்று ரிக்‌ஷாவிலிருந்து கத்தினேன்.

வாத்தியார் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "என்ன வேணும் கண்ணு?"

"கடலை மிட்டாய்!"

"சரி, உங்கப்பா காசு, நல்லாவே வாங்குவோம்!" என்று கையை ஆட்டிவிட்டு அப்பாவோடு நடந்தார்.

மறுநாள் பள்ளிக்கூடம் இல்லை என்றார்கள். நான் கூடத்தில் குதித்தேன். குதித்தால் முதுகில் ஒன்று வைப்பது அம்மாவின் வழக்கம். அன்று என்னைப் பிடித்து மடியில் உட்காரவைத்துத் தலை பின்னினாள். பின்னி முடித்துவிட்டு அவிழ்த்தாள். மறுபடி பின்னினாள், மறுபடி அவிழ்த்தாள். பின்னல் சரியாக வரவில்லை போலிருக்கிறது என்று நான் பொறுமையாக உட்கார்ந்திருந்தேன்.