பழைய பூட்டைத் தேடி மாமல்லபுரம்

குவாண்டம் கணினி வந்தால், தகவல்களைக் காக்கும் இன்றைய குறியாக்கப் பூட்டுகள் திறந்துகொள்ளுமாம். அதனால் எங்கள் இரத்தப் பரிசோதனை நிறுவனத்தில் எல்லாக் கிளைகளிலும் பூட்டை மாற்றப் போகிறார்கள். அதற்கு முன் பழைய பூட்டு எங்கெங்கே இருக்கிறது என்று போய்ப் பார்ப்பது என் வேலை. போன செவ்வாய்க்கிழமை மாமல்லபுரம் கிளை. ஆறு வருடத்துக்கு முன் என் மகளுக்குப் பரிசோதனை செய்ததும் அங்கேதான். பரம்பரையாக வரும் ஓர் இரத்தக் குறைபாடு அவளுக்கு உண்டு. தெரிந்தவர்கள் கண்ணில் படக்கூடாது என்றே அவ்வளவு தூரம் போனோம். இன்றுவரை என்னையும் மனைவியையும் தவிர யாருக்கும் தெரியாது.

ஊரப்பாக்கத்தில் 7.20 மின்சார ரயில். செங்கல்பட்டுக்குப் பத்து ரூபாய், நாற்பது நிமிடம். அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்து, முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். இடப்பக்கம் உட்காராதீர்கள், முகத்தில் வெயில் அடிக்கும். நான் இடப்பக்கம்தான் உட்கார்ந்திருந்தேன். இறங்கும்வரை அது உறைக்கவில்லை.

"ரத்த டெஸ்ட் எடுக்கற எடத்துக்கா? நூறு குடு அண்ணாத்த" என்றார் ஆட்டோக்காரர். அறுபதுக்கு மேல் பெறாத தூரம். பேரம் பேசும் மனநிலை இல்லை, கொடுத்துவிட்டேன்.

கிளையைப் பார்த்துக்கொள்பவர் சேகர். நான்கு வருடமாக அங்கே இருக்கிறார், நல்ல மனிதர். பரிசோதனை அறிக்கைகள் எங்கள் செங்கல்பட்டு அலுவலகத்துக்கு எப்படிப் போகின்றன என்று கேட்டேன்.

"லைன் கட்டாயிகினே கீது சார். எது போச்சு, எது போவலன்னு யாரு பாக்கறது? அதான் சாயங்காலம் ஆனா மொதல்லேர்ந்து எல்லாத்தையும் ஒருக்கா அனுப்சிடுவேன்."

"எல்லாமும்னா?"

"இந்தக் கிளை தொறந்த நாள்லேர்ந்து சார். ஒண்ணுகூட மிஸ் ஆவாது."

என் மகளின் அறிக்கையும் அதில் ஒன்று. பூட்டை உடைக்க முடியாதவர்கள்கூட, வழியில் போகும் அறிக்கைகளைப் பூட்டியபடியே இன்று திருடி வைத்துக்கொண்டு, குவாண்டம் கணினி வந்ததும் திறந்து பார்க்கலாம். அவர்களுக்கு ஒரே ஒரு மாலை போதும். சேகர் நான்கு வருட மாலைகளைத் தந்திருக்கிறார். உடனே நிறுத்தச் சொன்னேன்.

"நிறுத்திர்றேன் சார். ஆனா இத்தினி நாளா போனது இன்னா ஆவும்?"

நான் ஆய்வுப் படிவத்தை எடுத்து நிரப்ப ஆரம்பித்தேன்.

இதே வேலையாகக் கிளம்புகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். என்ன பூட்டு என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். எது, எத்தனை முறை வெளியே போகிறது என்றும் கேளுங்கள். அப்புறம் படிவத்தில் 'எத்தனை ஆண்டு ரகசியம்' என்றொரு கட்டம் வரும். எங்கள் தலைமை அலுவலகம் அதில் 'பத்து' என்று அச்சடித்தே அனுப்பியிருந்தது. அதை அடித்துவிட்டு 'ஆயுள் முழுவதும்' என்று எழுதினேன். என் மகளுக்கு இப்போது பதினொரு வயது. பத்து ஆண்டு கழித்துத்தான் அவளுக்கு வரன் பார்க்க ஆரம்பிப்போம்.